விசில் யார் கையில்?

'இறுதிச்சுற்று' (2016), 'கனா' (2018), 'பிகில்' (2019). குத்துச்சண்டை, கிரிக்கெட், கால்பந்து என்று ஆட்டம் மாறுகிறது. பயிற்சியாளர் மட்டும் ஆணாகவே இருக்கிறார்: மாதவன், சிவகார்த்திகேயன், விஜய். பெண்ணிடம் வேகமும் கோபமும் உண்டு. அவற்றை வழிநடத்தும் அறிவு அவனிடம்.

வாணியம்பாடியில் என் மாணவிகள் இப்படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் வீட்டுப் பெண்கள். "பி.பி.எட். படிக்கலாமா மேடம்?" என்று கேட்பவளுக்குக் காட்ட இப்படங்களில் ஒரு பெண் பயிற்சியாளர் இல்லை.

வாழ்க்கையில் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு படித்தார். 2016இல் தமிழக அரசு அவரைத் தடகளப் பயிற்சியாளராக நியமித்தது.

உடற்கூறியல், உடலியங்கியல், பயிற்சித் திட்டமிடல் எல்லாம் இத்துறையின் பாடங்கள். தன் உடலுக்குப் பிறர் தீர்ப்புச் சொன்ன பின்னும், உடலைப் பற்றிய அறிவை அவர் படித்துத் தனதாக்கிக்கொண்டார். நம் சினிமா பெண்ணை ஓட விட்டிருக்கிறது; விசிலை இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை.