உதவித்தொகையும் ஓர் அடைமொழியும்

கதையைத் திறனாய்கிறோம், கவிதையை அலசுகிறோம், மேடைப் பேச்சை எடைபோடுகிறோம். ஏழை மக்களின் வாழ்வை நேரே தொடும் ஓர் எழுத்தை மட்டும் எவரும் திறனாய்வதில்லை. அதுதான் அரசிடம் உதவி கேட்கும் விண்ணப்பம்!

அதன் சொற்களை நோக்குவோம். 1975-இல் தமிழகத்தில் எழுந்த திட்டத்திற்குப் பெயர், ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியம். 1986-இல் வந்தது, கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம். திட்டங்கள் நல்லவை, மறுப்பாரில்லை. விதவைகளுக்கான தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்ததையும் வரவேற்கிறோம். ஆனால், பணத்தோடு ஒரு பட்டமும் சேர்ந்தல்லவா வருகிறது?

புதுமடம் போன்ற கடற்கரை ஊர்களை எண்ணுங்கள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழாண்டுகள் அவனைப்பற்றிச் சேதியே இல்லாதபோதுதான் இறந்தவனாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொதுவிதி. அதுவரை அவள் ஏட்டில் மனைவியுமல்லள், கைம்பெண்ணுமல்லள்! பிறகு, கிராம நிருவாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்க, தான் ஆதரவற்றவள் என்பதை ஊரறிய மெய்ப்பிக்க வேண்டும். உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள், திக்கற்றவள் என்று தானே ஒப்பமிடுகிறாள். வயிற்றுக்குச் சோறு வருகிறது. நெஞ்சிலே முள் தைக்கிறது.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. கென் லோச் இயக்கி, 2016-இல் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற 'ஐ, டேனியல் பிளேக்' படத்தைக் காண்க. இதயநோயால் வேலையிழந்த இங்கிலாந்துத் தச்சன், உதவி கேட்டு அலைந்து, மேல்முறையீட்டு நாளிலேயே மாண்டுபோகிறான். அவன் கேட்டது இரக்கமன்று, குடிமகனுக்குரிய மதிப்பு!

"சொல்லை மாற்றினால் சோறு வருமா?" என்பர் சிலர். வராதுதான். ஆனால், வீசியெறிந்த சோறு உடலில் ஒட்டுமா? ஊனமுற்றோர் என்ற சொல்லை 2010-இல் மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றிய நாடு இது. 2023 செப்டம்பர் 15-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர்க்குத் தொடங்கிய 1,000 ரூபாய், 'உரிமைத் தொகை' என்றே பெயர் பெற்றது. முதுமையிலும் நோயிலும் அரசு துணைநிற்க வேண்டுமென அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் நெறி வகுத்திருக்கிறது. துணைநிற்பது கடமையெனில், பெறுவது எப்படிப் பிச்சையாகும்?

ஆகவே கேட்கிறோம்: ஆதரவற்ற, கைவிடப்பட்ட என்னும் அடைமொழிகளை ஏட்டிலிருந்து நீக்குங்கள்! விசாரணை தனிமையில் நடக்கட்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில், எளிய தமிழில் தருக.

இளைஞர்களே! உங்கள் ஊரில் விண்ணப்பம் எழுதத் தெரியாதோர் அருகில் அமருங்கள். எழுதிக்கொடுங்கள், ஆனால், அவர்கள் தலை குனியாதவாறு எழுதிக்கொடுங்கள்!