விலையில்லாததும் கட்டற்றதும்

'இலவசம்' என்ற சொல்லிலிருந்து தப்பியோடிய இரண்டு சொற்கள் 2011-இல் ஒரே அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு தொடங்கிவைத்த திட்டத்தின் பெயரில் 'விலையில்லா' இருந்தது. கொடுக்கிறவரின் கௌரவத்துக்கு இலவசம் என்ற சொல் இடைஞ்சலாகப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு சொல் 'கட்டற்ற'. மென்பொருள் தன்னார்வலர்கள் தமிழில் புழங்கவிட்ட சொல் அது. காசு கொடுக்காமல் கிடைப்பது பற்றியது அல்ல எங்கள் பேச்சு, கட்டு இல்லாமல் இருப்பது பற்றியது என்று அவர்கள் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 முதல் வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழுக்கு அந்தக் குழப்பமே தேவையில்லை. ஆனாலும் குழம்பினோம். அரசு கொடுத்தது என்பதாலேயே கட்டற்றதும் விலையில்லாததாக, அதாவது மதிப்பில்லாததாக, வாசிக்கப்பட்டது.

முதல் சுற்றில் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்று திட்டம். அதற்குள் இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடியொற்றிய பாஸ் லினக்ஸ். விண்டோஸ் வேண்டவே வேண்டாம் என்று தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைத் தோழர்கள் எதிர்த்தார்கள். பலிக்கவில்லை. ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்புலப் படத்தைக்கூட மாற்ற முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்குக் குடிவந்தவன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிற மாதிரி. பக்கத்து அறையில் இருந்த பாஸிலோ சுவரையே இடித்துக் கட்டலாம். பிள்ளைகள் ஆணியடிக்கக் கூடாத வீட்டுக்குத்தான் போனார்கள்.

ஏன் என்பதுதான் கேள்வி. இதற்கு 'மக்களின் அறியாமை' என்று பதில் எழுதுகிறவர்கள் கடமலைக்குண்டு மாதிரி ஊரில் ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2012-இல் என் அக்கா மகளுக்கு வந்த மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நான் போனேன். வாங்கி மூன்று வாரம் ஆகியிருக்கவில்லை. கடைக்காரத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, "பாஸ் எதுக்குண்ணே, சும்மா எடத்த அடைக்குது. ஃபார்மட் போட்டு அல்டிமேட் ஏத்திருவோம், நல்லா ஓடும்" என்றார். நானும் தலையாட்டினேன். ஸ்டார்ட்டரும் போச்சு, பாஸும் போச்சு. முந்நூறு ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸ் ஏறியது. பின்புலத்தில் விஜய் படம் வைக்க முடிந்ததில் அக்கா மகளுக்குச் சந்தோஷம். விடுதலை என்ற பெரிய சொல் அவளிடம் வந்து சேர்ந்த வடிவம் அதுதான்.

கடைக்காரரைக் குறை சொல்லிவிடலாம்தான். ஆனால் அவருக்கு டேலி தெரியும், போட்டோஷாப் தெரியும், டிடிபி தெரியும். வருகிறவர்கள் கேட்பதும் அதைத்தான். பில்கேட்ஸ் 1976-இல் பொழுதுபோக்காளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி நகலெடுப்பதைத் திருட்டு என்றவர். 1998-இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடுவதாக இருந்தால் நம்முடையதையே திருடட்டும், பழகிக்கொள்வார்கள், பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருள்படச் சொன்னவரும் அவரேதான். திருட்டு நகல் ஏகபோகத்தின் எதிரி என்று நம் தோழர்கள் சிலர் இன்னும் நம்புகிறார்கள். அது ஏகபோகத்தின் விதைநெல். கடமலைக்குண்டில் அதைக் காசு வாங்காமல் விதைத்தது நாங்கள்தான்.

மூடிவைத்த மூலநிரலை வேதத்தோடு ஒப்பிட்டு, கேட்டவன் காதில் ஈயம் என்றெல்லாம் எழுதுவது எளிது. எளிதாக வருவதாலேயே எனக்கு அதில் சந்தேகம். திறந்து வைத்திருக்கிற நிரலையும் வாசிக்க ஆங்கிலம் வேண்டும், பல வருடப் படிப்பு வேண்டும், வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து கற்கும் அவகாசம் வேண்டும். இந்த மூன்றும் யார் வீட்டில் இருக்கின்றன என்பது நம் சமூகத்தில் யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமில்லை. கதவு திறந்திருப்பதும் உள்ளே போக முடிவதும் ஒன்றல்ல என்பதைக் கோயில் நுழைவுக்குப் போராடியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். விழுப்புரத்தில் குனூ லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுத்துவருவது இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. குறுந்தகடு விநியோகிப்பதைவிடக் கடினமான வேலை.

எங்கள் பக்கத்து மொழியில் சொன்னால் விஷயம் இன்னும் துலங்கும். வருசநாட்டு மலையோரத்தில் தலைமுறையாக இலவம் பறித்து வாழ்கிறவர்களில் பட்டா இல்லாதவர்கள் நிறையப் பேர். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் அவர்களுடைய பயம் கூடியிருக்கிறது. உழலாம், பறிக்கலாம், உரிமை கேட்கக் கூடாது. விண்டோஸ் உரிம ஒப்பந்தமும் இது விற்பனை அல்ல, உபயோகிக்க அனுமதி என்றுதான் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கியவனும் பட்டா இல்லாதவன்தான். 1989-இல் வந்த குனூ பொது உரிமம் இதைத் தலைகீழாக்கியது. பதிப்புரிமைச் சட்டத்தையே கையில் எடுத்து, எடுத்துக்கொள், திருத்து, மற்றவனுக்குக் கொடு, ஆனால் கொடுக்கும்போது நீ வேலி போடக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. பொதுக்கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு இந்த நிபந்தனையை விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியிருப்பது படித்தவர்களுக்குத்தான்.

அரசு முயலவேயில்லை என்று சொல்லக் கூடாது. 2006-இல் எல்காட் மேலாண் இயக்குநராக வந்த உமாசங்கர், முதலில் தன் மேஜையிலும் பிறகு அலுவலகத்திலும் சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார். 2008-இல் அவர் மாற்றப்பட்டதோடு வேகம் குறைந்தது. ஒரு அதிகாரியின் நாற்காலியில் தொங்கிய மாற்றம் நாற்காலியோடு போயிற்று. குமுளி தாண்டினால் வேறு கதை. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே குனூ லினக்ஸுக்கு மாறியது. ஆசிரியர் சங்கங்கள் அதற்காகச் சண்டை போட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது, செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. இங்கே மாணவி கையில் மடிக்கணினி இருந்தது, வகுப்பில் பாஸைத் திறந்து காட்ட ஆளில்லை.

இப்போது காற்று மாறியிருக்கிறதாகச் சொல்கிறார்கள். 2024 பிப்ரவரியில் உலக மேசைக்கணினிகளில் லினக்ஸ் 4 சதவீதத்தைத் தாண்டியது என்று ஸ்டாட்கவுண்டர் கணக்கு. (அது இணையப் பக்கங்கள் திறக்கப்படுவதை எண்ணும் கணக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் கணினிகள் அதில் வராது.) 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சில்லு வேண்டும், புதிய செயலி வேண்டும். நன்றாக ஓடுகிற கணினிகள் ஒரு தேதியில் பழசாக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபின் திரும்பக் கொடுத்தது. எண்ணெய்க் கம்பெனிக்கு வக்கீல் உண்டு.

இந்த வளர்ச்சியைக் கொண்டாட எனக்குத் தயக்கம். தள்ளிவிடப்பட்டவர்கள் வந்து சேர்ந்ததைத் தேர்வு என்று சொல்வது சரியா? ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஆண்ட்ராய்டு வழியாக லினக்ஸ் கருநிரல் இருக்கிறது. அதனால் யார் கட்டவிழ்ந்தார்கள்? எண்ணிக்கை வேறு, பிடிமானம் வேறு. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கே இதில் கணக்கு பாக்கி இருக்கிறது. தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில், ஆளுக்கொரு எழுத்துருவில் கோத்த இதழ்களின் கோப்புகளை இன்று திறந்தால் கொக்கி கொக்கியாக வருகிறது. அதிகாரத்தை எதிர்த்து எழுதிய கட்டுரைகளை அடுத்தவன் பூட்டுக்குள் வைத்துவிட்டுச் சாவி கேட்காமல் வந்துவிட்டோம்.

போன மாதம் அதே கடைக்குப் போயிருந்தேன். தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொண்டிருந்தார். "பழைய ப்ராசஸர்ண்ணே, பதினொண்ணு ஏறாது. இது சல்லுன்னு ஓடுது, வைரஸ் தொந்தரவும் இல்ல" என்றார். தமிழ் இடைமுகப்பைப் போட்டுக் காட்டினார். ஒரு பட்டியலில் இருந்த சொல் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. "இதை யாருட்டண்ணே சொல்றது?" என்று கேட்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே மாற்றி அனுப்பலாம் என்றேன். "நானா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கே என்று கேட்டார். மொழிபெயர்ப்புத் தளத்தைத் திறந்தோம். முகப்பு ஆங்கிலத்தில் இருந்தது, கணக்குத் தொடங்கும் படிவமும் ஆங்கிலத்தில். இரண்டு பேரும் சேர்ந்து நிரப்ப ஆரம்பித்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது.