சிவப்பு விளக்கு

பழைய மாருதி 800-இல் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எரியும் பேட்டரி விளக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. எஞ்சின் ஓடியதும் அணைந்துவிடும், அவ்வளவுதான். தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனோ முதலில் பார்ப்பது, அது எரிகிறதா என்றுதான். பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் ரோட்டாருக்குத் தொடக்க மின்சாரம் போவதே அந்தப் பல்பு வழியாகத்தான். பல்பு போய்விட்டால் சார்ஜே ஏறாமல் போகலாம். அதைக் கவனிக்காமல் புது பேட்டரி வாங்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

அப்புறம் மல்டிமீட்டர். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. வண்டி ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும்.

எனக்குப் பிடித்தது செல்ஃப் அடிக்கும்போது பார்க்கும் அளவு. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் ஈயக் குமிழில், மறுமுனை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில். ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் காட்டினால் குற்றம் பேட்டரியில் இல்லை, அந்த இணைப்பில். பச்சை பூத்த கிளாம்ப்பைக் கழற்றி வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினால் செல்ஃப் சட்டென்று எடுக்கும். இதற்குக் கூலி பெரும்பாலும் டீக்காசுதான்.