கெற்றில்வெல்லின் அந்துப்பூச்சிகள்: ஒரு மறுநோக்கு

கூர்ப்புப் பற்றிய நூல்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு புகைப்படம் நன்கு பழக்கமானது. இலைக்கன் படர்ந்த மரத்தண்டொன்றிலே இரு அந்துப்பூச்சிகள். ஒன்று கரியது, எளிதிற் கண்ணிற் படுவது. மற்றையது வெண்மையிற் கரும்புள்ளிகள் கொண்டது; தேடினாலன்றிப் புலப்படாதது. இயற்கைத் தேர்வுக்கு இதனிலும் எளிய சான்று வேறில்லை என்றே மாணவர் பல தலைமுறையாகக் கற்று வந்தனர். இத்தகைய படங்களிற் சில, இறந்த பூச்சிகளை மரத்திற் பொருத்தி எடுக்கப்பட்டவை என்பது பின்னரே பலருக்குத் தெரியவந்தது. அதனால் எழுந்த ஐயம் படத்தோடு நிற்கவில்லை. அதன் பின்னாலிருந்த ஆய்வையும் ஆய்வாளரின் நேர்மையையுஞ் சேர்த்தே தாக்கிற்று. அத்தாக்குதல் எவ்வளவுக்கு நியாயமானது என்பது நோக்கற்பாலது.

இப்பூச்சியின் கரிய வடிவம் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் 1848இற் பிடிபட்டது. 1895 அளவில் அங்குள்ளவற்றுள் ஏறத்தாழ 98 சதவீதமானவை கரியனவாயிருந்தன. ஆலைப்புகை மரங்களைக் கருமையாக்கியமையால் வெண்ணிற வடிவம் பறவைகளுக்கு எளிதில் இரையாயிற்று என்ற கருத்தை ரட் என்பார் 1896இல் முன்வைத்தார். இத்துணை விரைவான மாற்றத்துக்குக் கரிய வடிவம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாய்ப்புப் பெற்றிருத்தல் வேண்டுமென 1924இல் ஹோல்டேன் கணித்தார். கணக்கு இருந்தது, பறவை உண்பதை முறையாகக் காட்டியவர் இலர்.

மருத்துவராயிருந்து, ஒக்ஸ்போட்டிலே ஈ. பி. போர்ட்டின் கீழ் ஆராய்ச்சியில் ஈடுபட்ட பேர்னாட் கெற்றில்வெல் இக்குறையை நீக்க முற்பட்டார். 1953இற் பேர்மிங்ஹாமுக்கு அண்மையில், புகை படிந்த காடொன்றிலே பூச்சிகளுக்கு அடையாளமிட்டு விடுவித்து, எஞ்சியவற்றை மீண்டும் பிடித்தார். கரியவற்றுள் 27.5 சதவீதமும் வெண்ணிறத்தனவற்றுள் 13 சதவீதமும் திரும்பக் கிடைத்தன. 1955இல் டோர்செற்றின் தூய காட்டில் விடை தலைகீழாயிற்று: வெண்ணிறத்தன 12.5, கரியன 6.3. பறவைகள் பூச்சிகளைக் கவர்வதை நடத்தையியல் அறிஞரான ரின்பேர்கன் படச்சுருளிற் பதிவு செய்தார்.

ஆயினும் கெற்றில்வெல் பூச்சியின் வடிவத்தையும் அதன் பயனையும் ஆராய்ந்த அளவுக்கு அதன் நடத்தையை ஆராய்ந்தாரல்லர். இரவிற் பறந்து, விடியுமுன் தானே தெரிந்தெடுத்த இடத்தில் ஒடுங்குவது இப்பூச்சியின் இயல்பு. அவரோ பகலில் அதனை மரத்தண்டுகளிலே விட்டார். இயற்கையிற் காணப்படுவதிலும் செறிவாக விட்டார். பூச்சி எங்கே தங்குகின்றது என்று அறியாமல், அங்கே அது மறைகின்றதா என்று எவ்வாறு கூறுவது? இவ்வினாவை 1998இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுப்பிய மைக்கல் மஜீரஸ், கெற்றில்வெல்லின் முடிவை மறுத்தாரல்லர். முறையையே திருத்த விரும்பினார். விமர்சனம் என்பதற்கு இஃதொரு நல்ல முன்மாதிரி.

2002இல் வெளிவந்த ஜூடித் ஹூப்பரின் நூல் வேறுவகையானது. மாந்தரைச் சித்திரிப்பதில் அவர் வல்லவர். போர்ட்டின் செருக்கும் கெற்றில்வெல்லின் பதற்றமும் புதினம்போல வாசிக்கத்தக்கன. குற்றச்சாட்டுக்கு வரும்போதே நூல் தளர்கின்றது. முதலிற் குறைவாயிருந்த மீள்பிடிப்பு, போர்ட்டின் கடிதமொன்றை அடுத்துத் திடீரென உயர்ந்தது என்பது அவர் வாதம். அக்கடிதம் 1953 ஜூலை 1ஆம் திகதியிட்டது. உயர்வோ அன்றே தொடங்கிவிட்டது. அஞ்சலில் வந்து சேராத கடிதம் எண்களை எங்ஙனம் மாற்றும்? விடப்பட்ட பூச்சிகளின் தொகை அந்நாட்களிற் கூடியமையையும் அவர் போதியளவு கருதவில்லை. 1979இல் மறைந்த ஒருவர்மீது மோசடிப் பழி சுமத்துவதற்கு இது போதாது. முறையிற் பிழை என்பதும் பொய் என்பதும் ஒன்றல்ல.

மஜீரஸ் தம் வினாவுக்குத் தாமே விடை தேடினார். 2001 முதல் 2007 வரை கேம்பிறிட்ஜிலுள்ள தம் வீட்டுத் தோட்டத்தில் 4,864 பூச்சிகளை, செறிவு குறைவாக, இரவிலே விட்டு, அவை தாமாகவே இடந்தேர இடமளித்தார். மரங்களில் ஏறித் தேடிக் கண்ட 135 பூச்சிகளிற் பாதிக்கு மேற்பட்டவை பக்கக் கிளைகளிலும், ஏறத்தாழ 35 சதவீதமானவை தண்டிலும் இருந்தன. எனவே தண்டு முற்றிலும் பொருந்தா இடமன்று. ஒன்பது இனப் பறவைகள் அவற்றை உண்டன. காற்றுத் தூய்மையடைந்துவிட்ட அச்சூழலில், வெண்ணிறத்தனவற்றோடு ஒப்பிடுகையிற் கரியன நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாக அழிந்தன. 2009இல் அவர் மறைய, நண்பர்கள் 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். கருநிறத்துக்குக் காரணமான விகாரம், இடம்பெயரும் டீ.என்.ஏ. துண்டொன்றினால் 1819 அளவில் ஏற்பட்டதென்பதும் 2016இற் கணிக்கப்பட்டது.

மஜீரஸின் ஆய்வுக்கும் ஓர் எல்லையுண்டு. அது கரிய வடிவத்தின் வீழ்ச்சியை மட்டுமே காட்டுகின்றது, எழுச்சியை அன்று. 1956இன் தூய காற்றுச் சட்டத்தின் பின்னர் புகை படிந்த அக்காடுகள் படிப்படியாக மாறிவிட்டன. பேர்மிங்ஹாம் பரிசோதனையை அங்கு இனி எவரும் அவ்வண்ணமே செய்துபார்க்க இயலாது. அந்த எழுச்சியைப் பற்றி அறிய விரும்புபவர், பகலில் மரத்தண்டிலே பூச்சிகளை விட்ட கெற்றில்வெல்லின் குறிப்புகளுக்கே, அவற்றின் குறைகளையும் அறிந்துகொண்டு, திரும்ப வேண்டியவராகின்றார்.