பதினாலு தொட்டியும் ஒரு கொசுவர்த்தியும்

கமல் மீட்டல் என்ற டெல்லிக்காரர் 2009-ல் டெட் மேடையில் பேசிய நாலு நிமிடப் பேச்சைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளைத் தெரியாவிட்டாலும் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'இந்த மூணு செடி வீட்ல இருந்தா போதும், சுத்தமான காத்து கிடைக்கும், நாசாவே சொல்லிட்டாங்க' என்று வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வாட்ஸ்அப்பில் வந்து விழுமே, அது நம்ம நாட்டில் இவ்வளவு பரவியதற்கு அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கும் அந்தச் செய்தி வந்தது. வந்த நேரம் அப்படி. குமணன்சாவடியில் எங்கள் தெருமுனையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த சமயம். டிரங்க் ரோட்டுப் புழுதி காலையில் துடைத்த டைனிங் டேபிளில் மதியமே மறுபடி படிந்திருக்கும். மகளுக்கு ஆறு வயசு, ராத்திரியில் வீசிங். குழந்தை மூச்சுக்கு இழுக்கும்போது பகுத்தறிவெல்லாம் கொஞ்சம் பின்னாடி போய்விடும். அடுத்த சனிக்கிழமை நர்சரிக்குப் போனேன். 'ஆக்சிஜன் பிளான்ட்' என்று தனியாக அட்டை மாட்டி ஒரு வரிசையே வைத்திருந்தார்கள். அரிக்கா பாம் நாலு, ஸ்னேக் பிளான்ட் ஆறு, மணிபிளான்ட் நாலு. மொத்தம் பதினாலு தொட்டி. ஆட்டோக்காரர் "வீடு கிரகப்பிரவேசமா சார்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சை முழுசாகக் கேட்டேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன்.

மீட்டல் சொல்வது இது. டெல்லிக் காற்றால் அவருடைய நுரையீரல் திறன் 70 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஐஐடி, டெரி ஆகியவற்றின் உதவியோடும் நாசாவிடமிருந்து கற்றதை வைத்தும், நமக்குத் தேவையான சுத்தமான காற்றை வீட்டுக்குள்ளேயே வளர்த்துக்கொள்ள மூன்று செடிகள் போதும் என்று கண்டார். ஆளுக்குத் தோள் உயர அரிக்கா பாம் நாலு, இடுப்பு உயர ஸ்னேக் பிளான்ட் ஆறிலிருந்து எட்டு, அது போக மணிபிளான்ட். இலைகளை டெல்லி மாதிரி ஊரில் தினமும் துடைக்க வேண்டும்.

இந்த அளவை வாட்ஸ்அப் செய்தி விட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் அம்மாவையும் சேர்த்து நாலு பேர். அவர் கணக்குப்படியே 16 அரிக்கா பாம், 24 முதல் 32 ஸ்னேக் பிளான்ட். ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இதை வைத்துவிட்டு நாங்கள் எங்கே போவது? அத்தனை இலையையும் தினமும் துடைப்பது யார் என்பதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை.

நாசா ஆய்வுக்கு வருவோம். அது நிஜமான ஆய்வு. பில் வோல்வர்ட்டனும் உடன் இருவரும் எழுதி 1989 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கை. மிசிசிப்பியில் உள்ள ஸ்டென்னிஸ் விண்வெளி மையத்தில், அமெரிக்கத் தோட்ட ஒப்பந்தக்காரர்கள் சங்கத்தோடு சேர்ந்து செய்தது. செடி வைக்கும் தொழில்காரர்கள் சங்கம் கூடச் சேர்ந்தது என்பதற்காக ஆய்வைத் தள்ளிவிட மாட்டேன், ஆனால் மனசில் வைத்துக்கொள்வேன்.

செய்த முறை எளிமையானது. பிளெக்ஸிகிளாஸ் பெட்டி ஒன்று. சின்னது 0.44 கன மீட்டர், பெரியது 0.88, அதாவது நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் அளவு. உள்ளே செடியை வைத்து, பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, மூடிவிட்டு, 24 மணி நேரம் கழித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். குறைந்திருந்தது. அதிலும் இலையைவிட வேரும் மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிரிகளும்தான் நிறைய வேலை செய்தன. அதனால்தான் அவர்கள் மண்ணுக்கு நடுவே கரித்தூள் வைத்து, ஃபேன் போட்டுக் காற்றை வேர் வழியாக இழுக்கும் ஓர் அமைப்பையும் செய்து பார்த்தார்கள். அந்த ஃபேனும் கரியும் எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வராது.

விண்கலத்துக்கு ஜன்னல் திறக்க முடியாது. மூடிய பெட்டி அவர்களுக்குச் சரியான மாதிரி. வீடு அப்படி இல்லை. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, பாத்ரூம் வென்டிலேட்டர் என்று காற்று சதா மாறிக்கொண்டே இருக்கும். எனவே கேட்க வேண்டியது 'செடி வாயுவை உறிஞ்சுமா' என்பதல்ல, 'காற்று தானாக மாறும் வேகத்தோடு ஒப்பிட்டால் செடியின் வேகம் என்ன' என்பதே. சாஃப்ட்வேரில் இதே தப்பை நாங்கள் தினமும் பண்ணுவோம். லேப்டாப்பில் ஒரே ஆள் பயன்படுத்தி ஓடியதை வைத்து லட்சம் பேருக்கு ஓடும் என்று சொல்லிவிடுவோம்.

கம்மிங்ஸ், வாரிங் என்ற இருவர் இந்தக் கேள்வியைத்தான் எடுத்தார்கள். அவர்கள் கட்டுரை 2019 கடைசியில் வந்தது. பழைய 12 ஆய்வுகளிலிருந்து 196 சோதனை முடிவுகளை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றினார்கள். ஏர் பியூரிஃபையர் டப்பாவில் சிஏடிஆர் என்று போட்டிருப்பார்களே, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்யும் என்பது, அந்த அளவுகோல். ஒரு செடிக்கு வந்த இடைநிலை மதிப்பு மணிக்கு 0.023 கன மீட்டர். 23 லிட்டர். தண்ணி கேன் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம்.

இப்போ எங்கள் பெட்ரூம். 12-க்கு 10 அடி, உயரம் 10. சுமார் 34,000 லிட்டர் காற்று. மணிக்கு ஒரு தடவை காற்று முழுசாக மாறுவதற்குச் சமமாகச் செடி வைக்க வேண்டுமென்றால் 34,000-ஐ 23-ஆல் வகுக்க வேண்டும். 1,478 தொட்டி. சதுர அடிக்குப் பன்னிரண்டு. கட்டிலை வெளியே போட்டாலும் பத்தாது. நான் வாங்கிய பதினாலும் சேர்ந்து அந்த ரூம் காற்றை ஒரு தடவை சுத்தம் செய்ய நாலு நாளுக்கு மேல் ஆகும். ஜன்னலைப் பாதி திறந்து ஃபேனைப் போட்டால் அதே வேலை சில நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் முடிந்துவிடும். இதெல்லாம் வாயுக்களுக்கான கணக்கு. டிரங்க் ரோட்டுப் புழுதி இதில் சேர்த்தியே இல்லை.

அடுத்தது ஆக்சிஜன். ஸ்னேக் பிளான்ட் ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனாக மாற்றும், அதனால் அது பெட்ரூம் செடி என்கிறார் மீட்டல். இதில் பாதிதான் சரி. நம்ம ஊர் வேலியோரம் மருள் என்று ஒரு செடி உண்டே, நார் எடுப்பார்கள், அதன் உறவுதான் இது. வறண்ட நிலத்துச் செடி. பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் போய்விடும் என்பதால் ராத்திரி திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து அமிலமாகச் சேமித்து வைக்கும். ஆனால் ஆக்சிஜன் வருவது ஒளி தண்ணீரைப் பிளக்கும்போது. ராத்திரியில் ஒளி ஏது? வாங்குவது இரவில், கொடுப்பது பகலில்.

கொடுத்தாலும் நமக்குத் தேவையில்லை என்பது வேறு விஷயம். அந்த 34,000 லிட்டரில் சுமார் 7,100 லிட்டர் ஆக்சிஜன். தூங்கும் பெரியவர் மணிக்கு 15 லிட்டர் அளவுக்குச் செலவழிப்பார். மகளையும் பெரியவராகவே வைத்து மூன்று பேருக்கு எட்டு மணி நேரக் கணக்குப் போட்டாலும் 360 லிட்டர். ரூமைச் சிமென்ட் வைத்து அடைத்தாலும் 20.9 சதவீதம் 20-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அதே கணக்கில் கார்பன் டை ஆக்சைடு 420 சொச்சம் பிபிஎம்மிலிருந்து 8,000-ஐத் தாண்டிவிடும். காலையில் தலை கனமாக இருப்பதற்கு 'ஆக்சிஜன் குறைஞ்சிருச்சு' என்று சொல்வது வழக்கம். குறைந்தது ஆக்சிஜன் அல்ல, காற்று மாறாததால் கூடியது மற்றதெல்லாம். ஒரு மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஏசி போட்டு, கதவு ஜன்னல் சாத்திய ரூமில் விடியற்காலை ஐந்து மணிக்கு 2,600. ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்று கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். செடி இருந்த ரூமிலும் அதே எண்தான்.

பேச்சில் என்னை ரொம்ப உறுத்திய வரி ஒன்று உண்டு. அவருடைய கட்டடத்தில் பத்து மணி நேரம் இருந்தால் ரத்த ஆக்சிஜன் ஒரு சதவீதம் கூட 42 சதவீத வாய்ப்பு என்கிறார். 2021-ல் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியும், 97 காட்டும், அடுத்த நிமிடம் 98 காட்டும். அந்தக் கருவியின் பிழை வரம்பே ரெண்டு சதவீதத்துக்குப் பக்கம். 42 சதவீத வாய்ப்பு என்றால் 58 சதவீதம் கூடாது என்றும் அர்த்தம். மேடையில் கைதட்டல் விழுகிறது.

அவருக்கு நியாயமாகவும் பேச வேண்டும். அந்த 50,000 சதுர அடிக் கட்டடத்தில் 300 பேருக்கு 1,200 செடிகள். அதோடு வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும் இயந்திர ஏற்பாடும் உண்டு. நவம்பர் மாத டெல்லியில் ஜன்னலைத் திற என்று சொல்வது கொடுமை. அவருடைய பிரச்சினை வெளிக்காற்று. நமக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று பூந்தமல்லி வரைக்கும் வந்துவிடுகிறது. சென்னையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டிய நாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது போகி. 2018 போகியன்று புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. டெல்லியின் மருந்தை நாம் எடுத்து, நம் வியாதி என்னவென்று பார்க்காமல் விட்டோம்.

நம் வியாதியை எனக்குச் சொன்னவர் குழந்தை டாக்டர். செடி வாங்கிய பெருமையை அவரிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சாயங்காலம் கொசுவர்த்தி ஏத்துறீங்களா?"

ஏற்றுகிறோம். ஆறு மணிக்குக் கூவம் பக்கமிருந்தும் சாக்கடையிலிருந்தும் படை கிளம்பும். அம்மா ஐந்தே முக்காலுக்கு எல்லா ஜன்னலையும் சாத்துவார், ஹாலில் ஒரு சுருள், பெட்ரூமில் ஒன்று. வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி வேறு. அதே நேரம் அடுப்பில் தாளிப்பு. மூடிய வீடு. நாசாவின் பிளெக்ஸிகிளாஸ் பெட்டியை நாங்கள் தினமும் மாலை செய்துகொண்டிருந்தோம்.

சீனா, மலேசியாவில் விற்ற கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ல் வந்தது. ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம். ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவு வரைக்கும். செடி உறிஞ்சும் என்று சொல்லி விற்ற அதே ஃபார்மால்டிஹைடு. மணிக்கு 23 லிட்டர் வேகத்தில் உறிஞ்ச ஒன்றை வாங்கி, பக்கத்திலேயே அதை ஊற்றும் ஒன்றைக் கொளுத்தி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் அம்மா, மணிபிளான்ட் பாட்டில்களைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே நெளிந்துகொண்டிருந்தது. பகலில் கடிக்கும் ஏடிஸ் நல்ல தண்ணீரில் வளரும், மாலையில் வருவது பெரும்பாலும் சாக்கடைக் கியூலெக்ஸ். இரண்டும் வேறு. ஆனாலும் காற்றைச் சுத்தம் பண்ண வாங்கிய பாட்டிலில் டெங்கு கொசு வளர்த்தேன் என்பது உண்மைதான்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு ஆதங்கம். வீட்டுக்குள் புகையை அளக்கும் வேலையை உலக அளவில் செய்தவர்கள் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில், போரூர் ராமச்சந்திராவில் இருக்கிறார்கள். கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவும். ஹேப்பின் என்ற சோதனையில் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நாலு நாட்டில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்கள். பாதிப் பேருக்கு விறகுக்குப் பதில் இலவச கேஸ். அந்தப் பெண்கள் சுவாசித்த பிஎம் 2.5, விறகுக்காரர்களுக்கு 70.7 மைக்ரோகிராம், கேஸ்காரர்களுக்கு 23.9. பெரிய வெற்றி. ஆனால் பிறந்த குழந்தையின் எடை? 2,898 கிராமும் 2,921 கிராமும். 23 கிராம் வித்தியாசம், புள்ளியியல்படி பொருட்படுத்த முடியாதது. அதை அப்படியே 2022-ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று எழுதியவர்களை எந்த வாட்ஸ்அப் குழுவும் அனுப்புவதில்லை. 42 சதவீதம் மட்டும் பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சுற்றுகிறது.

வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஜன்னல்களுக்குக் கொசுவலை. மூணு டிராக் ஸ்லைடிங் என்பதால் ஆள் வந்து அளவெடுத்து அலுமினிய ஃபிரேமில் போட்டார், பதினாலு தொட்டியைவிடச் செலவு அதிகம்தான். கட்டிலுக்கும் வலை. சுருள் நின்றது. தாளிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டும், முடிந்த பிறகு பத்து நிமிடம் ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், பாதி நாள் மறந்துபோகிறது. சாம்பிராணி விஷயத்தில் அம்மாவிடம் பேசி, இப்போது பால்கனியில் போடுகிறார், கொஞ்சம் முகம் சுருக்கிக்கொண்டு. ஏசி ரூமில் கதவை ஒரு கை அளவு திறந்து வைத்தால் காலையில் மீட்டர் 1,100 காட்டுகிறது.

மகளுக்கு வீசிங் குறைந்திருக்கிறது. வலையால்தான் என்று சொல்ல மாட்டேன். ஒரே குழந்தை, ஒரே வீடு, அதே மாதம் டாக்டர் இன்ஹேலரும் ஆரம்பித்தார். மேலே இவ்வளவு எழுதிவிட்டு நானும் 42 சதவீதம் சொல்லக்கூடாது.

செடிகளில் ஒன்பது பிழைத்திருக்கின்றன. மணிபிளான்ட் இப்போது மண்ணில். தண்ணீர் ஊற்றுவது அம்மா. கொசுவலையை மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவுவது என் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை ரோட்டுப் பக்கத்து வலையைக் கழுவியபோது பக்கெட் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது.