கிள்ளான் வானத்துக்கு ஒரு பஞ்சாங்கம்

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் காப்பார்க் கோயில்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த நாள்? வானில் காணும் நிலையை ஒட்டிய திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. பழைய மனப்பாட வரிகளை ஒட்டிய வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா எடுத்ததும் அன்றுதான். இந்தப் பதினொரு மாத வித்தியாசம் எவருடைய பிழையுமல்ல. இரண்டு கணித மரபுகள் தத்தம் வழியில் நடக்கின்றன.

வாக்கிய மரபை ஏளனம் செய்வோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர், தரையில் சிப்பிகளை வைத்து நகர்த்தியே வரவிருந்த சந்திர கிரகணத்தை ஜான் வாரன் என்ற அதிகாரிக்குக் கணித்துக் காட்டினார். கையில் ஏடில்லை. எழுத்துகளை எண்களாக்கிய வாக்கியங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தொடக்க நேரம் சில நிமிடங்களே பிசகியது. சந்திரனுக்கு மட்டும் இத்தகைய வாக்கியங்கள் 248. வரருசியின் பெயரால் வழங்குபவை.

ஆனால் பழைய மாறிலிகள் காலப்போக்கில் வானத்தை விட்டு விலகும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டிலேயே திருக்கணிதத்துக்காக வாதாடினார். பிறகு மேகநாத சாகா தலைமையிலான குழு, ராசிச்சக்கரத் தொடக்கத்துக்கும் வசந்த சம இரவுப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று அளவுகோல் வகுத்தது. சோதிடர்களான பி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வேறு அளவுகளைக் கொண்டார்கள். விழா நாளுக்குக் கோயில் மரபு, கிரக நிலைக்குத் திருக்கணிதம் என்பதே என் துணிபு. விண்மீன் கூட்ட எல்லைகளை வைத்து எழும் பதின்மூன்றாம் ராசி என்ற பரபரப்புக்குப் பஞ்சாங்கத்தில் இடமில்லை. ராசி என்பது 30 பாகைச் சமபங்கு. வானியலார் எல்லை வகுத்த விண்மீன் கூட்டங்கள் வேறு. அவர்கள் எல்லைப்படி சூரியன் விருச்சிகத்தில் தங்குவது ஒரு வாரம்தான்.

மலேசியாவில் இருக்கும் நமக்கு முக்கியமானது இடக்கணக்கு. திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்துக்கு இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் போதும். உதயத்தையும் அத்தமனத்தையும் பற்றியவற்றுக்கு அது பொருந்தாது. சங்கராந்தி அத்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் விதி. ஏப்ரல் நடுவில் நம் நேரம் இரவு எட்டுக்குச் சூரியன் மேஷம் புகுந்தால், சென்னையில் இன்னும் பகல். அன்றே சித்திரை 1. கிள்ளானில் பொழுது சாய்ந்திருக்கும். விதிப்படி மறுநாள்தான் சித்திரை 1. இராகு காலமும் இப்படித்தான். உதயம் ஆறு மணி என்ற கணக்கில் திங்கட்கிழமை 7.30 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே பின்பற்றுகிறோம். காலை 7.15க்குச் சூரியன் உதிக்கும் நாளில் காப்பாரில் அது ஏறத்தாழ 8.45க்குத்தான் தொடங்குகிறது.