நாவிழந்த மம்மி: ஒரு விடியோ விளையாட்டுப் பகைப்பாத்திரத்தின் பெயரும் திணையும்

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'அக்குமாஜோ டிராக்குலா', ஆங்கிலத்தில் 'காசில்வேனியா' எனப் பெயர் பெற்றது. தளம்விட்டுத் தளம் தாவிச் செல்லும் விடியோ விளையாட்டுகளுள் பெரிதும் பேசப்படுவது. சாட்டை ஏந்திய சைமன் பெல்மான்ட் டிராக்குலாவின் கோட்டைக்குள் முன்னேறுகையில், மூன்றாம் கட்டத்தின் இறுதியில் இரண்டு மம்மிகள் அவனை எதிர்க்கின்றன. மெல்ல நடந்து இருபுறமும் நெருங்கி, தம் உடலைச் சுற்றிய துணியையே துண்டு துண்டாக வீசுகின்றன. எத்தனை முறை வீசினும் கட்டு அவிழ்வதில்லை என்பது வேறு. எகிப்தில் பெயரோடும் பேச்சோடும் மறுமைக்கு அனுப்பப்பட்ட மனிதர், இங்குப் பெயரும் பேச்சும் அற்ற பொருளாக நிற்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

விடைக்கான சான்று விளையாட்டின் முடிவிலேயே உள்ளது. திரைப்படங்களில் போல அங்கு நடிகர் பட்டியல் ஒன்று ஓடுகிறது. டிராக்குலாவாக நடித்தவர் 'கிறிஸ்டோபர் பீ'. மம்மி மனிதனாக நடித்தவர் 'லவ் சேனி ஜூனியர்'. கிறிஸ்டோபர் லீ, லான் சேனி ஜூனியர் என்னும் நடிகர் பெயர்களைச் சற்றே திரித்த சொல் விளையாட்டு இது. நகைச்சுவை எளிதானதாயினும், ஆக்கியோர் எம்மூலத்திலிருந்து எடுத்தனர் என்பதை இது ஐயமறக் காட்டிவிடுகிறது.

யூனிவர்சல் நிறுவனத்தின் மம்மிப் படங்களில் இருவேறு மரபுகள் உண்டு. 1932இல் வந்த 'தி மம்மி'யில் போரிஸ் கார்லாப் ஏற்ற இம்ஹோதெப், தொடக்கக் காட்சியில் மட்டுமே துணிக்கட்டோடு தோன்றுகிறான். பின்னர் படம் முழுவதும் தெளிவாக உரையாடுகிறான். அவனுடைய அச்சமூட்டும் ஆற்றல் சொல்லிலேயே உள்ளது. 1940இல் வந்த 'தி மம்மீஸ் ஹாண்ட்' வேறொரு மம்மியைப் படைத்தது. காரிஸ் என்னும் அவன் உயிரோடு புதைக்கப்படுமுன் அவனுடைய நா அறுக்கப்படுகிறது. 1942இலும் 1944இலுமாக வந்த மூன்று தொடர்ப் படங்களில் இக்காரிசாக நடித்தவரே லான் சேனி ஜூனியர். காலை இழுத்து நடக்கும், பிறர் ஏவலுக்கு இயங்கும், பேசாத உருவம் அது. கொனாமி கார்லாப்பின் மம்மியை விடுத்துச் சேனியின் மம்மியைத் தேர்ந்தது. சுட்டு வீழ்த்துவதற்குரிய பகைக்கு நா தேவையில்லை அன்றோ!

பண்டை எகிப்தியர் கருத்து இதற்கு நேர்மாறானது. அடக்கத்தின்போது 'வாய் திறத்தல்' என்னும் சடங்கில் வாய்ச்சி போன்ற கருவியால் மம்மியின் வாயைத் தொடுவர். இறந்தவர் உண்ணவும் மூச்சு விடவும் பேசவும் வேண்டும் என்பது நோக்கம். பெயரும் ஆளின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. பெயரை அழித்தல் ஆளையே அழித்தலாகும். விளையாட்டிலோ ஒரே அச்சில் வார்த்த இரண்டு மம்மிகள் வருகின்றன. இரட்டித்த மாத்திரத்தில் தனி ஆள் என்னும் எண்ணமே அகன்றுவிடுகிறது.

சொல் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. ஆங்கில வழி வந்த 'மம்மி' அரபு, இலத்தீன் வழியே 'மூம்' என்னும் பாரசீகச் சொல்லைச் சென்றடையும். அதன் பொருள் மெழுகு. 'மூமியா' நிலக்கீலையும் அதிலிருந்து பெற்ற மருந்தையும் குறித்து, பின்னரே உடலைக் குறித்தது. ஜப்பானியர் வழங்கும் 'மீரா', போர்த்துக்கீசிய 'மிர்ரா'விலிருந்து வந்தது, அதாவது வெள்ளைப்போளம். இரு சொற்களும் பூசும் பொருளின் பெயர்களே. பூசப்பட்டவரைச் சுட்டும் சொற்கள் அல்ல. இதனாற்போலும், நடமாடும் பகையைக் குறிக்க ஜப்பானியர் 'மனிதன்' என்னும் பொருள்தரும் 'ஒத்தோக்கோ'வைச் சேர்த்து 'மீரா ஒத்தோக்கோ' என்கின்றனர்.

தமிழில் இச்சிக்கல் வினைமுற்றில் வெளிப்படும். நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணையாக்கும். நரகர்க்கு இடமளித்த இலக்கணம் எழுந்து நடக்கும் பிணத்துக்கு இடம் வகுக்கவில்லை. வழக்கில் 'பிணம் கிடந்தது', 'பேய் வந்தது', 'வேதாளம் ஏறியது' என அஃறிணையே ஆள்கிறது. மேலே நானும் மம்மிகள் 'வீசுகின்றன' என்றே எழுதினேன், இம்ஹோதெப்போ 'உரையாடுகிறான்'. பெயரும் பேச்சும் உள்ளவிடத்து உயர்திணை தானே வந்தமைகிறது. நகர்ப்புற வீடுகளில் தாயை அழைக்கும் 'மம்மி'யையும் இதனையும் பிரித்துக் காட்டுவதும் பெரும்பாலும் இவ்விகுதியே.

1997இல் வந்த 'சிம்பொனி ஆப் தி நைட்' தன் மம்மிக்கு 'இரண்டாம் அக்மோடன்' எனப் பெயரிட்டது. எகிப்திய ஒலி போலப் புனைந்த பெயர்; அரச மரபு தோன்ற ஓர் எண். நா மட்டும் கிடைக்கவில்லை. 2003இல் வந்த 'ஸ்பிங்ஸ் அண்ட் தி கர்ஸ்ட் மம்மி' இதனினும் துணிவுடையது. அதில் மம்மியாக்கப்பட்ட இளவரசன் துட்டன்காமனை விளையாடுபவரே இயக்குகிறார். முன்பே இறந்தவனாதலின் தீயும் மின்சாரமும் அவனுக்குத் தீங்கல்ல, புதிர் அவிழ்க்கும் கருவிகள். பகையை ஆளாக்க வேறு வழி உண்டு என்பதற்கு இது போதிய சான்று.

2023இல் பிரித்தானிய அருங்காட்சியகங்கள் சில 'மம்மி' என்னும் சொல்லைக் குறைத்து, 'மம்மியாக்கப்பட்ட மனிதர்' என்பதுபோன்ற தொடர்களை விரும்புவதாகச் செய்திகள் வந்தன. அத்தகைய விளக்கப் பலகையைத் தமிழில் எழுதுவோர் 'வாழ்ந்தார்' என்றே முடிக்க வேண்டியிருக்கும்; 'வாழ்ந்தது' என்று முடிக்க மொழி இடந்தராது.